மஞ்சள் டப்பாவின் சூடு

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தராசு அக்கா, அவ்வளவுதான். மேனேஜர்கூடக் கோபமில்லாத நாட்களில் "தராசு வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்க்கிற வேலை அப்படி. வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் அது. ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மேடு எது, பள்ளம் எது, ரோடு எது என்று பிரித்து வரைபடமாக்குவார்கள். அந்த வேலைக்கு எந்த பிராசஸர் போட்ட கம்ப்யூட்டரை வாங்கலாம், எது கொடுக்கிற காசுக்கு ஒழுங்காக உழைக்கும் என்று அளந்து சொல்வது தராசு அக்காவின் பொறுப்பு. கேட்பதற்கு என்னவோ பெரிய உத்தியோகம் மாதிரிதான் இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால்தானே கண்றாவி தெரியும்! ஒரே ஃபைலை ஏற்றி, ஒரே பொத்தானை அமுக்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்ததும் மறுபடி அதே ஃபைல், அதே பொத்தான்.

அந்த ஃபைலுக்கு மலை ஃபைல் என்று பெயர். எங்கேயோ இருக்கிற ஒரு மலைத்தொடரின் படம். ஹாலில் இருந்த பழைய கம்ப்யூட்டர்களில் அது ஓடி முடிய நாற்பத்தோரு நிமிஷம் ஆகும். அதுவரை வரைபடக்காரர்கள் அறுபது பேரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "டீ குடிச்சிட்டு வந்தாலும் ஓடுது, கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தாலும் ஓடிட்டுதான் இருக்கும்" என்று அங்கே ஒருத்தி சொல்லுவாள். கடைசியில் மேலிடம் மனது வைத்து அறுபது புதுக் கம்ப்யூட்டர் வாங்கச் சம்மதித்தது.

போட்டி இரண்டு பிராசஸர்களுக்கு இடையில் வந்து நின்றது. இரண்டின் பெயரும் எண்ணும் எழுத்துமாக வாயில் நுழையாத நீளம். ஒன்று பச்சை டப்பாவில் வந்தது, இன்னொன்று மஞ்சள் டப்பாவில் வந்தது. ஆகவே பச்சை, மஞ்சள். பச்சையைக் கொடுக்க முன்வந்தது நாலு மாடி ஷோரூம் வைத்திருக்கும் பெரிய கம்பெனி. மஞ்சளைக் கொடுக்க முன்வந்தது இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி ஒற்றை ஷட்டர் வைத்த சின்னக் கடை. அந்தக் கடைக்காரன் தராசு அக்காவின் கூடப்பிறந்த தம்பி.

அவள் ஒன்றும் மறைக்கவில்லை. முதல் நாளே மேனேஜரிடம் போய் நின்றாள்.

"சார், இந்த லிஸ்ட்ல என் தம்பி கடையும் இருக்கு. இந்தத் தடவை வேற யாராவது அளக்கட்டும்."

மேனேஜர் நிமிரக்கூட இல்லை. "வேற யாரு இருக்கா? நீங்கதானே தராசு. உங்களைப் போய் யாரு சந்தேகப்படப் போறா? போய் வேலையைப் பாருங்கக்கா."

அப்படிச் சொல்லிவிட்டார். ஆனால் சோதனை அறைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் அறுபது நாற்காலி, நூற்றிருபது கண். விஷயம் ஒரே நாளில் ஹால் முழுக்கப் பரவிவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போனால்கூட யாராவது ஒருத்தர், "என்னக்கா, தம்பி மெஷின் தயாரா?" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார்கள். சும்மா கேட்கிற கேள்விதான் மனுஷியை உயிரோடு தின்கிறது.

தம்பி அவளிடம் சிபாரிசு கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு வருஷமாக அவன் மஞ்சளைத் தவிர வேறு விற்றதில்லை. அவனுக்கு அதில் அப்படி ஒரு நம்பிக்கை. எதிரிலேயே நாலு மாடி ஷோரூம் வந்தபிறகு கடையில் ஈயாடியது. டெண்டர் கொடுத்த அன்று ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னான். "இந்த அறுபது மெஷின் வந்தா கடை நிக்கும்கா. இல்லேன்னா ஷட்டரை இறக்கிட்டு எங்கயாவது வேலைக்குப் போக வேண்டியதுதான்." அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"டெஸ்ட் முடியற வரைக்கும் எனக்கு போன் பண்ணாதடா" என்று அவள்தான் கண்டிப்பாகச் சொன்னாள். அவன் தினமும் பதினோரு மணிக்கு அவளைக் கூப்பிடுவான். பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. "மாத்திரை போட்டியா?" அவ்வளவுதான் பேச்சு. இரண்டு வருஷம் முன்பு ரத்தக் கொதிப்பு ஏறி அலுவலக மாடிப்படியில் விழுந்து வைத்தாள். அன்றிலிருந்து இந்த போன். அவளும் மாத்திரையை ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலையை அந்த போனிடமே விட்டுவிட்டாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்காரர்கள் பூட்டிக் கொடுக்கிற கம்ப்யூட்டரை அளக்க மாட்டார்கள். உள்ளே என்ன தில்லுமுல்லு செய்து வேகமாக ஓடவைத்திருக்கிறார்களோ, யார் கண்டது? பாகங்களைப் பிரித்த நிலையிலேயே வாங்கி, தராசு அக்கா தன் கையால் பூட்டி, தானே ஓட்டிப் பார்ப்பாள். மலை ஃபைலை மூன்று தடவை ஓட்டி நடு எண்ணை எடுப்பாள். அதை விலையோடு பெருக்குவாள். வருகிற எண்ணை அட்டவணையின் கடைசிப் பத்தியில் எழுதுவாள். எந்த எண் சின்னதோ அந்த பிராசஸர் ஜெயித்தது. அந்தப் பத்தியைத் தீர்ப்புப் பத்தி என்பார்கள்.

திங்கட்கிழமை பச்சையைப் பூட்டினாள். மூன்று தடவையும் கச்சிதமாகப் பத்தொன்பது நிமிஷம். செவ்வாய்க்கிழமை மஞ்சளைப் பூட்ட உட்கார்ந்தாள். அன்று காலையிலேயே அவளுக்குத் தலை கனத்தது. வீட்டில் தண்ணீர் மோட்டார் மக்கர் பண்ணி, பக்கெட்டில் தண்ணீர் தூக்கி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வேலையைத் தொடுவதற்குள் ஒரு நாள் முழுக்க உழைத்த மாதிரி இருந்தது. பிராசஸரை அதன் இடத்தில் உட்காரவைத்தாள். அதன் மேல் சாம்பல் நிறப் பசையைத் தடவினாள். வேலை செய்யச் செய்ய பிராசஸர் அடுப்பாகக் கொதிக்கும், அதன் சூட்டை வாங்கி வெளியே தள்ள அதன் தலைமேல் ஃபேன் வைத்த ஓர் உலோகக் கட்டியை உட்காரவைக்க வேண்டும். கூலர் என்பார்கள். சூடு தணியாவிட்டால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புதுக் கூலரின் அடியில் மெல்லிசாகக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கீறல் விழாமல் இருக்க ஒட்டி அனுப்புவது. அதை உரித்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் சூடு கூலருக்குப் போகாது.

கூலரைக் கையில் எடுத்து, அந்தத் தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பப் போனாள். போன் அடித்தது. மணி பதினொன்று. தம்பி.

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி முதுகு கூசியது. இந்தப் பயலுக்கு எத்தனை தடவை சொல்வது? போனை வெட்டிவிட்டு, அணைத்து, மேஜை டிராயருக்குள் போட்டு மூடினாள். பிறகு கூலரை எடுத்துப் பூட்டினாள். நாலு திருகையும் முடுக்கினாள்.

முதல் ஓட்டம் இருபத்துநாலு நிமிஷம். இரண்டாவது இருபத்தைந்து. மூன்றாவது இருபத்தாறு. சூடு தொண்ணூற்றெட்டு டிகிரி. பச்சை எழுபதைத் தாண்டவில்லை.

இந்த இடத்தில் அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தத்தான் செய்தது. இருபத்திரண்டு வருஷ அனுபவம் என்ன சும்மாவா? தொண்ணூற்றெட்டு என்பது பிராசஸரின் குணமல்ல, பூட்டியதில் ஏதோ கோளாறு என்று ஓர் உள்மனம் சொன்னது. வேறு எந்தக் கடைக்காரன் மெஷினாக இருந்தாலும் அந்த நிமிஷமே பவரை அணைத்துக் கூலரைக் கழற்றிப் பார்த்திருப்பாள். பத்து நிமிஷ வேலை. போன தடவை பெரிய கம்பெனி ஒன்றின் மெஷினை மூன்று முறை கழற்றிப் பூட்டி, சூடு ஏன் ஏறுகிறது என்று கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

கை திருப்புளியைத் தேடிப் போனது. அப்போது ஹாலில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்களோ தெரியாது. ஆனால் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: தம்பி மெஷின் தோற்கிறது என்றதும் அக்கா பிரித்து ரிப்பேர் பார்க்கிறாள் என்பார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். இருபத்தைந்து என்று எழுதினாள். குறிப்புப் பத்தியில் 'சூடு மிக அதிகம், தொண்ணூற்றெட்டு டிகிரி' என்றும் எழுதினாள். எழுதும்போது அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது, அதையும் மறைப்பானேன். தன் இரத்தம் என்றுகூடப் பார்க்காமல் எழுதுகிறோம் என்ற பெருமை.

பச்சையின் விலை நூறு என்று வைத்தால் மஞ்சளின் விலை நூற்றாறு. பெருக்கினாள். பச்சைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம். மஞ்சளுக்கு இரண்டாயிரத்து அறுநூற்றைம்பது. சந்தேகத்துக்கே இடமில்லாத தோல்வி. வெள்ளிக்கிழமை மேனேஜர் கையெழுத்துப் போட்டார். வழக்கப்படி அட்டவணையின் ஒரு பிரதி ஹால் பலகையில் ஒட்டப்பட்டது, இரண்டு கடைகளுக்கும் ஒவ்வொரு பிரதி போனது. அன்று அவளிடம் யாரும் கிண்டல் பண்ணவில்லை. ஒருத்தர் வந்து, "தராசுன்னா தராசுதாங்க்கா" என்று கைகொடுத்தார். அவளுக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

அவள் போனை வெட்டிய பிறகு தம்பி கூப்பிடவே இல்லை. டெஸ்ட் முடிந்த வெள்ளிக்கிழமைகூடக் கூப்பிடவில்லை. சனி, ஞாயிறும் கூப்பிடவில்லை. அவளாகவும் கூப்பிடவில்லை. என்னவென்று பேசுவது?

திங்கட்கிழமை காலை, மாதிரிக்கு வந்த பாகங்களைக் கழற்றி அந்தந்த டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். கூடவே உதவிக்கு மெக்கானிக் வந்தார். அவளைவிட நாலு வயசுதான் சின்னவர். எப்போதும் சட்டைப் பையில் திருப்புளி குத்தியிருப்பதால் அவருக்குத் திருப்புளி என்றே பேர். பச்சையை அவர் கழற்றினார், மஞ்சளை அவள் கழற்றினாள். நாலு திருகை எடுத்துக் கூலரைத் தூக்கினாள். பசை கூலரின் உலோகத்தில் ஒட்டியிருக்கவில்லை. உலோகத்துக்கும் பசைக்கும் நடுவில் வெந்து, சுருங்கி, ஓரம் பழுப்பேறிய ஒரு தாள்.

அவள் தாளை நகத்தால் உரித்துக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

திருப்புளி எட்டிப் பார்த்தார். பார்த்தவுடன் புரிந்துபோயிற்று. அந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் புரிந்துவிடும்.

"அடக் கடவுளே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அக்கா, அதைக் குடுங்க. குப்பைல போடறேன். யாரும் பாக்கல."

"நான் பாத்தேனே."

"சரி, சொல்லப் போறீங்க. சொன்னா என்ன ஆகும்? தம்பி தோத்துட்டான்னு கதை கட்டுறாங்கம்பாங்க. இந்தத் தாளை நீங்களே கொண்டுவந்து வெச்சீங்கன்னுகூடச் சொல்லுவாங்க. சொல்லாம இருந்தா ஒரு ஈ காக்கா கேக்காது. இத்தனை வருஷம் சேத்த பேருக்கா! யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஐந்து நிமிஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல பேர் என்கிற அந்தச் சனியனைப் பற்றி யோசித்தாள். பேருக்குப் பயந்துதானே அன்றைக்குத் திறந்து பார்க்கவில்லை. இன்றைக்கும் அதே பேருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டால், அந்தப் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜர் தாளை மேஜைமேல் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையே கண்டுபிடிச்சிருக்கக் கூடாதாக்கா? இப்போ வந்து சொல்றீங்களே!"

"இன்னிக்குத்தான் கழட்டினேன் சார்."

"மறுபடி ஓட்டிப் பாப்போம். ஆனா நீங்க தொடாதீங்க. அந்த ரூமுக்குள்ளயே வராதீங்க. திருப்புளி பூட்டட்டும், ஹால்லேருந்து ரெண்டு பேர் கூட இருந்து பாக்கட்டும்."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, தன் அறைக்கு வெளியே, தண்ணீர் மெஷின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லாம் அவளைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பு கிண்டல் பண்ணினார்களே, அதுவே தேவலை என்றிருந்தது. தலை விண்விண்ணென்று தெறித்தது. கடைசியாக எப்போது மாத்திரை போட்டோம் என்று நினைத்துப் பார்த்தாள். ஞாபகத்துக்கு வரவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குத் திருப்புளி வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு தடவை ஓட்டியாச்சு. பதினேழு, பதினேழு, பதினெட்டு. சூடு அறுபத்தெட்டு."

அவள் கணக்கை மனசிலேயே போட்டாள். பதினேழு தரம் நூற்றாறு, ஆயிரத்து எண்ணூற்றிரண்டு. பச்சைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம். மயிரிழைதான். ஆனாலும் மஞ்சள்தான். தம்பி ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது சரி.

மேனேஜர் அவளை உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொல்வதே நல்லதுக்கில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"நல்ல வேளை, பச்சைக்கு ஆர்டர் அனுப்பல. மஞ்சளே வாங்கிடலாம்" என்றார். "அறுபது பேரும் தினம் ஓட்டற ஃபைல். ஒரு ஃபைலுக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம்னாலும் பெரிய விஷயம். நீங்க சொன்னது நல்லதுக்கா. ஆனா..." பேனாவை மூடித் திறந்தார். "உங்க தம்பிகிட்ட வாங்க வேண்டாம்."

"ஏன் சார்?"

"பேச்சு வரும். முதல்ல தோத்தது, அக்கா வந்து ஒரு தாளைக் காட்டினதும் ஜெயிச்சிடுச்சு. வெளில இருந்து பாக்கறவனுக்கு எப்படி இருக்கும்? மஞ்சள் விக்கிற வேற கடை நாலு இருக்கு. அதுல ஒண்ணுகிட்ட வாங்கிக்கலாம்."

"முதல் நாளே சொன்னேனே சார், வேற யாராவது அளக்கட்டும்னு. நீங்கதானே..."

"சொன்னீங்க. நான் இல்லேன்னு சொல்லல."

"அவன் அதே விலைக்குத்தானே தரான். அவன் பண்ண தப்பு என்ன?"

"அவரு ஒரு தப்பும் பண்ணல. உங்களுக்குத் தம்பியாப் பொறந்துட்டாரு, அவ்வளவுதான்." மேனேஜர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல நினைத்தார் போல, சிரிப்பு வரவில்லை. "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கக்கா. உங்க முகமே சரியில்ல."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. மேஜையில் இருந்த தாளை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் ஸ்டாப்பையும் நடந்தே போனாள். பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோமே என்றுதான் நடந்தாள்.

கடையின் கண்ணாடிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. தள்ளுபடி அறிவிப்பாக இருக்கும் என்று நினைத்துக் கிட்டே போனவள் நின்றுவிட்டாள். அவளுடைய அட்டவணை. அவள் போட்ட கட்டம், கீழே 'அளந்தவர்' என்ற இடத்தில் அவள் கையெழுத்து. மஞ்சளுக்கு நேரே இருபத்தைந்து, சூடு மிக அதிகம்.

உள்ளே தம்பி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மஞ்சள் டப்பாக்களைப் பெரிய அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வாக்கா" என்றான். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கோபமோ வருத்தமோ முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாடி மட்டும் வளர்ந்திருந்தது.

"என்னடா பண்ற?"

"சரக்கைத் திருப்பி அனுப்பறேன். மஞ்சள் கம்பெனிக்காரன் எடுத்துக்கறேன்னுட்டான்."

"ஏன்?"

"ஏன்னா? நீதானே எழுதியிருக்க, தொண்ணூத்தெட்டு டிகிரின்னு. தெரிஞ்சுக்கிட்டே எப்படிக்கா விக்கிறது?" பெட்டியின் வாயை டேப் போட்டு ஒட்டினான். "கதவுலயும் ஒட்டி வெச்சிருக்கேன். வரவங்க பாத்துட்டு முடிவு பண்ணட்டும். ஏற்கெனவே வாங்கின நாப்பது பேருக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன், ரொம்ப நேரம் தொடர்ந்து ஓட்டாதீங்க, கூட ஒரு ஃபேன் மாட்டித் தரேன், காசு வேண்டாம்னு."

"யாரும் உன்கிட்ட அளவு தப்பா இருக்கும்னு சொல்லலியா?"

"ஒருத்தர் சொன்னாரு. போங்க சார், எங்கக்கா அளந்தா அளந்ததுதான்னுட்டேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, பையைத் திறந்து, தாளை எடுத்து கவுன்ட்டர்மேல் வைத்தாள்.

தம்பி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு பக்கம் காய்ந்த பசை, மறுபக்கம் சுத்தம். "எந்தப் புண்ணியவான் வேலை இது? உரிக்காமயே பூட்டிட்டானா?"

"நான்தான். உன் மெஷின்ல."

முதலில் அவன் சிரித்தான். நிஜமாகவே வயிறு குலுங்கச் சிரித்தான். "நீயா? தராசா? கடை ஆரம்பிச்ச புதுசுல நான் பண்ணினேன், என் மண்டைல நறுக்குன்னு ஒண்ணு வெச்சியே, ஞாபகம் இருக்கா?" சிரித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்றான். "அப்போ சரியான அளவு என்னக்கா?"

"பதினேழு. சூடு அறுபத்தெட்டு. நான் தொடல, வேற ஆளு பூட்டி ஓட்டினது."

"பதினேழா?" அவன் தரையில் இருந்த டப்பாக்களைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். "அப்போ மோசமான சரக்கு இல்லைல்ல? நாப்பது பேருக்கு மோசமான சரக்கைத் தலைல கட்டிட்டேன்னு மூணு நாளா எனக்குச் சோறே எறங்கலக்கா."

அவனுக்கு முதலில் அதுதான் தோன்றியது. ஆர்டரைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. அவள்தான் சொன்னாள். மேனேஜர் சொன்னது ஒன்று விடாமல், தம்பியாகப் பிறந்த கதையையும் சேர்த்துச் சொல்லி முடித்தாள். அவன் பெட்டியின்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். ரோட்டுக்கு எதிர்ப்புறம் நாலு மாடி ஷோரூமின் கண்ணாடிகளில் வெயில் அடித்து இந்தக் கடைக்குள் விழுந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான். "தொண்ணூத்தெட்டு டிகிரி. உனக்குத் தெரியாததா? ஏன் திறந்து பாக்கல?"

"உன் மெஷின்டா அது. திறந்தா என்ன சொல்லுவாங்களோன்னு..."

"வேற யாரோட மெஷினா இருந்தா?"

அவளால் பொய் சொல்ல முடிந்திருக்கும். அவ்வளவு களைப்பிலும் அது சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

"அப்பவே திறந்திருப்பேன்" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கொடுக்கிற பத்து நிமிஷத்தைத் தம்பிக்குக் கொடுக்கவில்லை. நேர்மை என்று நினைத்துக்கொண்டு செய்தது அதுதான். அவளுக்கு அவமானமாக இருந்தது. அவன் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் திட்டவில்லை.

எழுந்துபோய்க் கதவில் இருந்த அட்டவணையை ஓரம் கிழியாமல் உரித்து எடுத்தான். அவள் முன்னால் வைத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தான்.

"சரியா எழுதிக் குடு. ஷட்டரை இறக்கறதுன்னாலும் ரெண்டு நாள் ஒட்டி வெச்சிட்டு இறக்கறேன்."

அவள் இருபத்தைந்தை அடித்துப் பதினேழு என்று எழுதினாள். 'சூடு மிக அதிகம்' என்ற குறிப்பையும் அடித்தாள். தீர்ப்புப் பத்தியைத் திருத்தினாள். கடைசியில் கையெழுத்துக்குக் கீழே இருந்த இடத்தில், 'முதல் அளவு தவறு, தவறு அளந்தவருடையது' என்று எழுதினாள். அவன் அதைப் படித்தான். கொண்டுபோய் அதே இடத்தில் ஒட்டி, நாலு மூலையிலும் டேப் போட்டு விரலால் தேய்த்தான்.

திரும்பி வரும்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான் போல.

"மாத்திரை போட்டியா?" என்று கேட்டான்.

"இல்லடா" என்றாள் அவள். "நீ போன் பண்ணலியே."

அவன் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தான்.